கூடுதலாக ஒரு சாமி

கிழவன் வேஷம் கட்டுவதற்கு எனக்கு அப்போது பத்து நிமிஷம் போதும். முகத்துக்குப் போடுகிற பவுடரை உள்ளங்கை நிறையக் கொட்டித் தலையில் தேய்த்துக்கொள்வேன். சோற்றுக் கஞ்சியைத் தொட்டுப் பஞ்சை மேலுதட்டில் ஒட்டுவேன். அப்பாவின் கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கும், அப்பாவின் வேட்டி முழங்காலுக்கு ஏறும், ஒரு கை இடுப்புக்குப் போகும், இன்னொரு கை காற்றில் எதையோ தேடி நடுங்கும். அவ்வளவுதான். எனக்கு இருபத்திரண்டு வயது. தூத்துக்குடித் துறைமுகக் குடியிருப்பின் பொங்கல் விழா மேடையில் எழுபது வயதுக் கிழவனாக ஏறுவேன். ஏறும்போதே சிரிப்பு தொடங்கிவிடும்.

கதை ஒவ்வொரு வருஷமும் ஒன்றுதான். கிழவன் வெற்றிலை வாங்கக் கடைக்குப் போகிறான். திரும்பும்போது வேறு யாருடைய வீட்டுக்குள்ளோ நுழைந்து, நாற்காலியில் உட்கார்ந்து காப்பி கேட்கிறான். யார் நீங்கள் என்று அந்த வீட்டு அம்மாள் கேட்கிறாள். "நான் இருக்கட்டும், நீ யாரு? எம் பொஞ்சாதிய எங்கன ஒளிச்சு வச்சிருக்க?" என்பான் கிழவன். அந்த இடத்தில் கூட்டம் குலுங்கும். பெண்கள் பக்கத்திலிருந்து யாராவது ஒருத்தி, "ஏளா, எங்க மாமனாரே தாம்ளா" என்று கத்துவாள். முன்வரிசையில் அப்பா. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், தன்னுடைய கண்ணாடியும் வேட்டியும் மேடையில் தள்ளாடுவதைப் பார்த்துத் துண்டைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டு, மூச்சு முட்ட, கண்ணில் நீர் வழியச் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காகத்தான் நான் அடுத்த வருஷமும் ஏறினேன்.

முதுமை எங்கே இருக்கிறது என்று எனக்கு அப்போது நன்றாகத் தெரியும். முழங்காலில் இருக்கிறது, முதுகில் இருக்கிறது, இருமலில் இருக்கிறது. ஓய்வுபெற்றவர்கள் மாலையில் வந்து உட்காரும் சிமெண்டு பெஞ்சுக்கு எதிரே சைக்கிளைச் சாய்த்துவிட்டு அவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். உட்காருவதற்கு முன் கை எப்படிப் பெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறது, எழுந்திருக்கும்போது சத்தம் தொண்டையிலிருந்து வருகிறதா வயிற்றிலிருந்து வருகிறதா, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டேன். கண்ணை மட்டும் எடுக்கவில்லை. பேச்சின் நடுவே ஒருவர் நின்றுபோவார். பக்கத்திலிருப்பவர் எடுத்துக் கொடுப்பதற்கு முந்தைய அந்த இரண்டு நொடி அவர் கண் எங்கே போகிறது என்று நான் பார்த்ததே இல்லை. பார்த்திருந்தால் வேஷம் கட்டியிருப்பேனா என்று கேட்டுக்கொள்கிறேன். கட்டியிருப்பேன். இருபத்திரண்டு வயது எதைப் பார்த்தாலும் கட்டும்.

அப்பாவுக்கு எழுபத்துநாலு நடந்துகொண்டிருந்தபோது, இப்போதிலிருந்து பதினோரு வருஷத்துக்கு முன், தைப்பூசத்துக்குச் சில நாள் இருக்கையில், அவர் காணாமல் போனார். அம்மா இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அவர் எங்களோடு இருந்தார். அக்காவும் அத்தானும் அடுத்த தெருவில். மறதி அதற்கு முன்பே வந்துவிட்டது, ஆனால் நாங்கள் அதை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. "அப்பாவுக்குக் குறும்பு கூடிப்போச்சு" என்பாள் அக்கா. சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு வந்து, இன்னும் சோறு போடவில்லையா என்று கேட்டால் குறும்பு. என் மனைவியை அம்மாவின் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் குறும்பு. சிரித்தோம். அவரும் சிரித்தார். இரண்டு பேர் ஒரே சமயம் சிரித்தால் இரண்டு பேரும் ஒரே விஷயத்துக்குச் சிரிக்கிறார்கள் என்று ஏன்தான் நினைத்துக்கொள்கிறோமோ.

அவர் காணாமல் போன கதையை எங்கள் குடும்பம் இப்படித்தான் சொல்லும். இப்படித்தான் என்றால், நான் சொல்லும் விதமாக. கல்யாண வீடுகளில், காதுகுத்தில், ரயிலில், எங்கே நாலு பேர் கூடினாலும் "அந்தக் கதையைச் சொல்லேன்" என்று யாராவது கேட்பார்கள்.

அந்த வருஷம் அத்தான் திருச்செந்தூர் முருகனுக்கு மாலை போட்டிருந்தார். துவைத்த பச்சை வேட்டியை எங்கள் மாடிக் கொடியில் காயப்போட்டிருந்தார், அவர் வீட்டில் வெயில் படாது. விடிவதற்கு முன் எழுந்த அப்பா கைக்கு எட்டிய வேட்டியைக் கட்டிக்கொண்டு, ஒரு துண்டையும் தோளில் போட்டுக்கொண்டு, கதவைத் திறந்து தெருவில் இறங்கினார். எதற்கு இறங்கினாரோ. திருச்செந்தூர் ரோட்டில் ஏறினால், சாரிசாரியாகப் பச்சை வேட்டிகள். மேற்கேயிருந்து நடந்து வருகிற பாதயாத்திரைக் கூட்டம். அப்பா அதில் கலந்தார்.

மாலை போட்டவனுக்குப் பேர் கிடையாது. எல்லாரும் சாமிதான். கடைக்காரர் சாமி, கொத்தனார் சாமி, முதலாளி சாமி, அவரிடம் வேலை பார்ப்பவரும் சாமி. ஊர் எது, வீடு எது என்று நடக்கிறவனிடம் யாரும் கேட்பதில்லை. "வாங்க சாமி", "உக்காருங்க சாமி", "மோர் குடிச்சிட்டுப் போங்க சாமி", அவ்வளவுதான் பேச்சு. அப்பா போய்ச் சேர்ந்தது சாத்தூர்ப் பக்கத்து ஊர்க்காரர்களின் குழு. பத்தொன்பது பேர். காலில் கொப்புளம் வந்த ஒருவர் தூத்துக்குடியிலேயே பஸ் ஏறி ஊருக்குத் திரும்பியிருக்கிறார், அது குழுவை நடத்திவந்த குருசாமிக்குத் தெரியாது. வழியில் தலையை எண்ணியபோதெல்லாம் கணக்குச் சரியாக வந்தது. மூத்தவர் என்பதால் அப்பாவை முன்னால் விட்டார்கள். சர்க்கரை நோய்க்காரர் என்று நாங்கள் வீட்டில் அளந்து அளந்து போட்ட மனிதர், பதினோரு அன்னதானப் பந்தலில் சாப்பிட்டார். எலுமிச்சைச் சாதம், சுண்டல், பானகம், கேசரி. யாரோ காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டார்கள். பழையகாயலில் ஒரு பெண் கைக்குழந்தையைக் கொண்டுவந்து அவர் காலடியில் கிடத்தி, "ஆசீர்வாதம் பண்ணுங்க சாமி" என்றாளாம். அப்பா திருநீற்றை எடுத்து ஆறு மாதக் குழந்தையின் நெற்றியில் பூசி, "நல்லாப் படி. எறங்கும்போது கம்பியப் பிடிச்சு எறங்கு" என்றாராம்.

அந்த இடத்தில் நான் ஒரு மூச்சு நிறுத்துவேன். சிரிப்பு வந்து ஓயும். பிறகு முடிவு: மறுநாள் மதியம் திருச்செந்தூரில் தரிசனம் எல்லாம் முடிந்து, ஊர் திரும்ப வேன் வந்து நிற்கிறது. பஸ் ஏறிப்போனவர் சாமி கும்பிட வேண்டுமே என்று ஊரிலிருந்து நேராக அங்கே வந்து சேர்ந்திருக்கிறார். குருசாமி எண்ணுகிறார். இருபது. மறுபடி எண்ணுகிறார். இருபது. "ஏய், ஒரு சாமி கூடுதலா இருக்காருப்பா." ஒவ்வொரு சாமியும் அடுத்த சாமியைப் பார்க்கிறார். நீங்க கூட்டிட்டு வந்தவர்னுல்லா நெனச்சேன், நீங்க கூட்டிட்டு வந்தவர்னுல்லா நான் நெனச்சேன். அப்பாவிடம் பேரைக் கேட்டால், "சாமி" என்கிறார்.

கோயிலுக்குப் பக்கத்திலிருந்த போலீஸ் உதவி மையத்தில் விட்டார்கள், எங்கள் புகாரோடு போன படத்தை வைத்துக் கண்டுபிடித்து எங்களைக் கூப்பிட்டார்கள், நானும் அத்தானும் காரில் பறந்தோம். உள்ளே நுழைந்ததும் அப்பா எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "வழியில கூட்டமா இருந்துச்சாலே?" என்று கேட்டார். அத்தானின் வேட்டி அத்தானுக்கு முன்னால் திருச்செந்தூர் பார்த்துவிட்டது என்பது கடைசி வரி. கைதட்டல்.

இந்தக் கதையை நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். அப்பா இருந்தவரைக்கும் அவரை வைத்துக்கொண்டே சொன்னேன், அவர் யாரோ ஒரு சாமியின் கதை போலக் கேட்டுச் சிரித்தார். நாலு வருஷம் கழித்து இறந்தார். பதினாறு முடிந்த அன்றே யாரோ கேட்டார்கள், சொன்னேன்.

இப்போது எனக்கு ஐம்பத்துமூன்று. சரக்குக் கப்பல்களுக்கான ஆவணங்கள் தயாரிக்கும் அலுவலகத்தில் இருக்கிறேன். மூன்று மாதத்துக்கு முன் திருநெல்வேலியில் ஒரு வேலை முடித்துப் பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தேன். முற்பகல். தூத்துக்குடிக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிற சின்னப் புதுக்கோட்டை வந்ததும் நிறுத்தி ஒரு டீ குடித்தேன். புதுக்கோட்டை என்றால் வாசல் மாதிரி, அங்கிருந்து தூத்துக்குடிக் காற்று தெரியும், உப்பு தெரியும். டீ குடித்துத் தம்ளரை வைத்துவிட்டுப் பைக்கிடம் வந்து சாவியைப் போட்டேன். போட்டதும் நின்றுவிட்டேன்.

ரோடு இரண்டு பக்கமும் போனது. இரண்டும் ஒரே மாதிரி இருந்தன.

எல்லாம் தெரிந்தது, அதுதான். நான் யார் என்று தெரிந்தது, சாவி எதற்கு என்று தெரிந்தது, வீட்டில் அன்றைக்குச் சாளை மீன் வாங்கியிருப்பார்கள் என்பதுகூடத் தெரிந்தது. வீடு எந்தக் கைப்பக்கம் என்பது மட்டும் இல்லை. கட்டிலில் திரும்பிப் படுக்கும்போது சுவர் இருக்க வேண்டிய இடத்தில் காற்று இருந்தால் எப்படியோ, அப்படி. ஒரு பஸ் வந்தது, நெற்றியில் தூத்துக்குடி என்று எழுதியிருந்தது, எழுத்துக் கூட்டி வாசித்தேன், அது தூத்துக்குடிக்குப் போகிறதா தூத்துக்குடியிலிருந்து வருகிறதா என்று எனக்குப் பிடிபடவில்லை. வெயில் மண்டையில் அடித்தது, முதுகில் மட்டும் குளிர்ந்தது.

யாரிடமாவது கேட்டிருக்கலாம். டீக்கடைக்காரர் பத்தடி தூரத்தில் இருந்தார். கேட்கவில்லை. போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டேன். மறுமுனையில் யாரும் இல்லை. "ஆமா, ஆமா, வந்துட்டே இருக்கேன்" என்றேன். நெற்றியைச் சுருக்கினேன், தலையை ஆட்டினேன், நடுவில் ஒரு சிரிப்புகூடச் சிரித்தேன்.

டீக்கடைக்காரர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "அண்ணாச்சி, யாருக்காவது காத்துக்கிட்டு இருக்கியளா?" என்றார்.

"ஒரு ஆளு வரணும்" என்றேன்.

எத்தனை நிமிஷம் என்று தெரியாது. நாலு இருக்கலாம். உப்பு ஏற்றிய லாரி ஒன்று கிழக்கேயிருந்து வந்து கடந்தது, தார்ப்பாயின் ஓரத்திலிருந்து வெள்ளையாகச் சிந்திக்கொண்டே போனது, சட்டென்று எல்லாம் பழையபடி வந்து உட்கார்ந்தது. உப்பு வருகிற பக்கம்தான் வீடு. ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன். கை மட்டும் வீடு வரும்வரை நடுங்கியது. மேடையில் நான் நடுக்கிய நடுக்கம் தப்பானது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது, உண்மையான நடுக்கம் வெளியே அவ்வளவாகத் தெரிவதில்லை.

அன்று சாயங்காலமே மனைவியிடம் சொல்லிவிட வேண்டும் என்று அடுக்களைக்குப் போனேன். அவள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"இன்னைக்கு ஒரு விஷயம் நடந்துச்சு."

"சொல்லுங்க."

"புதுக்கோட்டையில டீ குடிச்சிட்டு வந்து நிக்கேன். தூத்துக்குடி எந்தப் பக்கம்னு தெரியல."

இவ்வளவையும் சாதாரணமாகத்தான் ஆரம்பித்தேன். ஆனால் என் வாய்க்கு இந்தக் கதை ஏற்கெனவே தெரியும். பஸ் வந்ததைச் சொல்லும்போது குரல் தானாக உயர்ந்தது, எழுத்துக் கூட்டி வாசித்ததைச் சொல்லும்போது தாடை இழுத்துக்கொண்டது, போனைக் காதில் வைத்த இடத்தில் ஒரு மூச்சு நிறுத்தினேன். நிறுத்தக் கூடாது என்று தெரிந்தே நிறுத்தினேன். அவள் சிரித்தாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"மாமா புத்தி அப்படியே வந்திருக்கு ஒங்களுக்கு. இனிமே வீட்டுல பச்சை வேட்டி இருந்தா ஒளிச்சுத்தான் வைக்கணும்."

நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது. அவள் மீது தப்பில்லை. நான் கேட்டது சிரிப்பு, அவள் கொடுத்தது சிரிப்பு. நெஞ்சுக்குள் ஒரு ஆள் கதவைத் தட்டுகிறான், வெளியே கேட்கிறவர்களுக்கு அது மேளமாகக் கேட்கிறது.

அதற்குப் பிறகு இரண்டு முறை. ஒருமுறை துறைமுகச் சாலையின் ரவுண்டானாவில், வண்டியோடு மூன்று சுற்றுச் சுற்றினேன், எந்த வாய் வழியாக வெளியேறுவது என்று தெரியாமல். இன்னொரு முறை எங்கள் தெருமுனையிலேயே. அதைச் சொல்லப் பிடிக்கவில்லை. அப்பாவுக்கு எந்த வயதில் ஆரம்பித்திருக்கும் என்று மனதுக்குள் பின்னோக்கி நடந்து பார்க்கிறேன். எழுபத்துநாலில் நாங்கள் கண்டுகொண்டோம். எழுபதில் குறும்பு என்றோம். அறுபதில்? ஐம்பத்தைந்தில் ஒருநாள் வேலை முடிந்து வழக்கத்தைவிட ரொம்பப் பிந்தி வந்து, "சும்மா ஒரு சுத்து நடந்தேன்" என்றாரே, அது? கிரேனின் உச்சியில் உட்கார்ந்துகொண்டு ஒருநாளாவது, கடல் எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியாமல் போயிருக்குமா?

இதற்கிடையில் போனில் வருகிற துணுக்குகள் வேறு. கிழவனும் கிழவியும் டாக்டரிடம் போகிற துணுக்கு, பல் செட்டு மாறிப்போன துணுக்கு, மனைவியின் பெயர் மறந்து ஐம்பது வருஷமாகக் கண்ணே என்று கூப்பிட்ட துணுக்கு. என்னோடு படித்தவர்கள்தான் அனுப்புகிறார்கள், எல்லாருக்கும் ஐம்பத்துமூன்று. முன்பெல்லாம் இதைப் படித்ததும் யாருக்கு அனுப்பலாம் என்று தேடுவேன். இப்போது இதை எனக்கு அனுப்பியவன் எதற்கு அனுப்பினான் என்று யோசிக்கிறேன். அவனுக்கும் ஏதாவது ரவுண்டானா இருக்கிறதா? கேட்க முடியாது. கேட்டால் சிரிக்கிற படம் ஒன்று வரும்.

போன மாதம் அத்தானுக்கு அறுபது முடிந்தது. மணிவிழாவைத் திருச்செந்தூரில்தான் வைக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். காலையில் தாலி கட்டு முடிந்து, லாட்ஜின் கீழே இருந்த மண்டபத்தில் பந்தி. அத்தான் இரும்புக்கடைக்காரர் என்பதால் பஜார் அண்ணாச்சிமார் பாதிப்பேர் வந்திருந்தார்கள். ஒரே கேலி.

"மாப்பிள்ளைக்கு முடிச்சுப் போடக் கண்ணாடி வேணும்லா."

"முடிச்சு சரியா விழுந்துட்டு. யாரு கழுத்துலன்னு பாத்தியளா?"

அக்கா பட்டுப் புடவையில் சிவந்துபோய், "ஏலே, ஒங்களுக்கும் வயசாகும்லே, அப்ப வந்து நானும் பேசுதேன்" என்றாள். எல்லாரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். முப்பது வயதுக்காரர்கள் வாயைத் திறந்து சிரித்தார்கள். அறுபதைத் தாண்டியவர்கள் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துவிட்டு, அவர் சிரிக்கிறார் என்று உறுதி செய்துகொண்டு சிரித்தார்கள்.

பாயசம் வந்தபோது எதிர்ப்பந்தியிலிருந்து எதிர்பார்த்த குரல் வந்தது. "மச்சான், அந்த வேட்டிக் கதை. இங்கன வச்சுச் சொல்லாம எங்கன வச்சுச் சொல்லப்போற?"

வயிறு வலிக்கிறது என்று சொல்லியிருக்கலாம். எழுந்தேன், சொன்னேன், வாழ்நாளில் அவ்வளவு நன்றாக அதைச் சொன்னதில்லை. பயந்தவன் நன்றாகச் சொல்வான் போலிருக்கிறது. ஒரு வார்த்தை தவறவில்லை, ஒரு பந்தல் விடுபடவில்லை. ஒவ்வொன்றும் வரிசையாக வந்துவிட வேண்டுமே என்று உள்ளே வியர்த்தபடி ஒவ்வொன்றாக இறக்கினேன். குழந்தைக்கு ஆசீர்வாதம் வந்ததும் பரிமாறுகிறவர் வாளியை இலையோரம் வைத்துவிட்டுச் சிரித்தார். ஒரு சாமி கூடுதலா இருக்காருப்பா என்றதும் மண்டபம் அதிர்ந்தது.

உட்கார்ந்தேன். பக்கத்து இலை அத்தானுடையது. கழுத்தில் மாலை, தலையில் காலையில் அபிஷேகம் செய்த தண்ணீரின் ஈரம் இன்னும் காயவில்லை. சிரித்து முடித்துவிட்டு, பாயசத்தைக் கிண்டிக்கொண்டே, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"எலே, மாமா அன்னைக்குப் பயந்திருந்தாரா?"

பதினோரு வருஷத்தில் இதை யாரும் கேட்டதில்லை. அன்றைக்குக் காரை ஓட்டியது அத்தான். அவர் முன்னால் இருந்தார், நானும் அப்பாவும் பின்னால்.

"இல்லத்தான். ஜாலியாத்தான் இருந்தாரு" என்றேன்.

அத்தான் தலையாட்டினார். நம்பின தலையாட்டல் அல்ல. வேண்டியது அந்தப் பதில்தான் என்கிற தலையாட்டல்.

பின் இருக்கையில் நடந்ததை நான் எந்தக் கல்யாண வீட்டிலும் சொன்னதில்லை. ஏறியவுடன் அப்பா என் சட்டையின் கீழ்நுனியைச் சுருட்டிப் பிடித்தார். திருச்செந்தூரிலிருந்து தூத்துக்குடி வரை விடவில்லை. ஆறுமுகநேரி தாண்டி, வெளியே பார்த்தபடி, என்னிடம் என்றில்லாமல் பேசினார். "எல்லாரும் நடந்தாங்க. நானும் நடந்தேன். நின்னா தெரிஞ்சிரும்லா." கொஞ்சம் கழித்து, "காலு ரொம்ப வலிச்சுது. நின்னா தெரிஞ்சிரும்லா" என்றார். இரண்டு நாள் வெயிலில் அந்தக் கால் நடந்தது பக்தியால் இல்லை, வழி தெரியாததாலும் இல்லை. தெரியவில்லை என்பது வெளியே தெரிந்துவிடும் என்பதால். எனக்கு அப்போது நாற்பத்திரண்டு. அவர் சொன்னதைக் கேட்டேன். ஆனால் குழந்தைக்கு ஆசீர்வாதம் செய்த கதையை, உதவி மையத்தில் எங்களுக்காகக் காத்திருந்த குருசாமி வாயால் கேட்டுவிட்டு வந்திருந்தேன், மனதுக்குள் அதை எப்படிச் சொல்லலாம், எங்கே மூச்சை நிறுத்தலாம் என்று அடுக்கிக்கொண்டிருந்தேன். அவருடைய பேச்சு கதைக்கு ஒத்துவரவில்லை. விட்டுவிட்டேன்.

மதியம் மூன்று மணிக்குக் கிளம்பினோம், காரில் நானும் மனைவியும் மட்டும். அவள் மடியில் தாம்பூலப் பை, காலடியில் மீந்த பலகாரம். "இன்னைக்குக் கதை ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றாள். காயல்பட்டினம் போனது. ஆறுமுகநேரி போனது. சாகுபுரம் வருவதற்கு முன்பே அங்கே இருக்கிற ரசாயனத் தொழிற்சாலையின் வாடை கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்தது. ரோட்டோரம் ஒரு வேப்பமரத்து நிழலில் காரை ஓரம் கட்டி இஞ்சினை அணைத்தேன்.

"என்ன, டயரா?"

"இல்ல."

"பின்ன எதுக்கு நிப்பாட்டுதிய?"

"இங்க இருந்து வீட்டுக்கு எப்படிப் போகணும்னு சொல்லு."

அவள் சிரிக்கத் தொடங்கினாள். உதடு விரிந்து, பல் தெரிந்து, சத்தம் வருவதற்கு முன் என் முகத்தைப் பார்த்தாள். நான் குரலை உயர்த்தவில்லை. தாடையை இழுக்கவில்லை. கையை ஸ்டியரிங்கில் சும்மா வைத்திருந்தேன். அவள் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது, எங்கே இறங்குவது என்று தெரியாமல்.

"ஏங்க."

"இப்ப தெரியுது. இப்ப எனக்கு வழி தெரியுது. சில நேரம் தெரிய மாட்டேங்குது."

"புதுக்கோட்டையில சொன்னது?"

"நெசம்."

அவள் மடியிலிருந்த பையின் காதை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். "நான் சிரிச்சேன்" என்றாள்.

"நான்தான சிரிக்க வச்சேன்."

"எத்தனை தடவை?"

"மூணு. எனக்குத் தெரிஞ்சு மூணு."

எனக்குத் தெரியாமல் எத்தனை என்று யாரைக் கேட்பது? அவளும் அதையேதான் யோசித்திருக்க வேண்டும், ஏனென்றால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், போன மாதங்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்ப்பவள் போல. என்ன கண்டாளோ, என்னிடம் சொல்லவில்லை. கன்னத்தைப் புடவைத் தலைப்பால் அழுத்தித் துடைத்தாள்.

"திங்கக்கெழம ஆபீசுக்கு லீவு சொல்லுங்க. டாக்டரைப் பாப்போம். நானும் வாரேன்."

"சரி."

"அக்காகிட்ட இப்ப ஒண்ணும் சொல்லாண்டாம். நல்ல நாளு."

"சரி."

"எடுங்க. மெதுவாப் போங்க." நேராக உட்கார்ந்தாள். பையைக் காலடியில் இறக்கி வைத்தாள். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஓட்டுகிறவனைவிடக் கூர்மையாக ரோட்டைப் பார்க்கத் தொடங்கினாள். "நேராப் போங்க. ஆத்தூர் வரும்."

ஆத்தூர் வந்தது. "இப்ப முக்காணிப் பாலம்" என்றாள். பாலம் வந்தது, கீழே தாமிரபரணி கடலுக்குப் போகிற அவசரமில்லாமல் கிடந்தது. "இப்ப பழையகாயல்." குரலில் பரிவும் இல்லை, பயமும் இல்லை, பஸ்ஸில் கண்டக்டர் சொல்வது போல இருந்தது, அதற்கு அவள் எவ்வளவு பாடுபடுகிறாள் என்று பக்கத்தில் இருந்தவனுக்குத் தெரிந்தது. ஒவ்வொரு ஊரும் அவள் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்திருந்தது. தெரியும் என்று சொல்லவில்லை. அவள் சொன்னாள், நான் கேட்டுக்கொண்டு ஓட்டினேன்.

உப்பளங்கள் வந்தன. மாலை வெயிலில் பாத்தி பாத்தியாக வானம் கிடந்தது. முள்ளக்காடு நெருங்கும்போது அவளுக்கு அக்காவிடமிருந்து போன் வந்தது, பலகாரம் மறக்காமல் எடுத்துப் போனீர்களா என்று. "எடுத்துட்டோம் மைனி, ஆமா, அவியளும் நல்லா இருக்காவ, ஓட்டுதாவ" என்று பேசிக்கொண்டிருந்தாள்.

நான் வேகத்தைக் குறைத்தேன். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. எனக்கு வழி தெரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் இன்னும் குறைத்து, ஓரமாக ஒதுங்கி, அவள் பேசி முடித்து அடுத்த ஊரைச் சொல்வதற்காகக் காத்திருந்தேன்.